ரம் பாட்டிலின் லேபிளை எவ்வளவு நம்பலாம்?

சர்க்கரை ஆவியாகாது. ரம் விளம்பரங்களை எடைபோட இந்த ஒரு உண்மையே பாதி வேலையை முடித்துவிடும்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பான கெட்டிப் பாகுதான் மொலாசஸ். பெரும்பாலான ரம் அதிலிருந்துதான் வருகிறது. மொலாசஸில் தண்ணீர் கலந்து ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. புளித்த அந்தக் கலவையைச் சூடாக்கும்போது எத்தனால் முந்திக்கொண்டு மேலே போகிறது. அதன் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ், தண்ணீருக்கு 100. கூடவே கொஞ்சம் நீராவியும் வாசனை தரும் சேர்மங்களும் போகின்றன. இந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் அதுதான் ரம். மொலாசஸின் கருநிறமும் ஈஸ்ட் தின்றதுபோக மிஞ்சிய சர்க்கரையும் உப்புகளும் கலத்தின் அடியிலேயே தங்கிவிடும். புதிதாக வடிந்து விழும் ரம் தண்ணீர் மாதிரி தெளிவாக, துளி சர்க்கரை இல்லாமல் இருக்கும்.

"கரும்பிலிருந்து வருவதால் ரம்மில் இயற்கையான இனிப்பு உண்டு" என்று விளம்பரம் சொன்னால், அது நடக்க வழியில்லை. பிறகு ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும்போது மரத்திலிருந்து கொஞ்சம் சர்க்கரை இறங்கும். ஆனால் அது லிட்டருக்கு ஒரு கிராம் அளவைத் தாண்டுவது அரிது. நாக்கில் பளிச்சென்று இனிக்கிற ரம்மில் சர்க்கரையை யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதற்காகச் சேர்க்கிறார்கள்? "ஸ்மூத்" என்ற சொல்லுக்காக. ரம் விற்பனையில் இதைவிட அதிகம் உழைக்கும் சொல் வேறு இருக்காது. இதன் பின்னால் நல்ல உடலியல் ஒன்று இருக்கிறது. நம் வாயிலும் தொண்டையிலும் டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பி உண்டு. சூட்டை உணர்வது அதன் வேலை. மிளகாயின் காரத்தை எரிச்சலாக நமக்குச் சொல்வதும் அதுவே. சாதாரணமாகச் சுமார் 42 டிகிரி வெப்பத்தில்தான் அது விழித்துக்கொள்ளும். எத்தனால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடலின் வெப்பமோ 37. அதாவது நம் சொந்த உடல் சூட்டையே நரம்புகள் 'எரிகிறது' என்று மூளைக்குச் சொல்கின்றன. சர்க்கரை இந்த எரிச்சலை நிறுத்துவதில்லை. இனிப்பால் கவனத்தைத் திருப்பி அதை மங்கச் செய்கிறது. கிளிசரால் என்ற கெட்டியான திரவத்தைச் சேர்த்தால் ரம் கொஞ்சம் வழுவழுப்பாகி, வாயில் கனமாகத் தெரியும். இவையெல்லாம் பல வருடம் பீப்பாயில் இருந்த மதுவின் சாயலை ஒரே நாளில் கொடுத்துவிடும். எனக்கு இதில் உறுத்துவது சர்க்கரை அல்ல, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அந்த மென்மைக்குப் பீப்பாயையும் பரம்பரையையும் காரணம் காட்டுவதுதான்.

இதை அளந்து பார்க்க முடியும் என்பது நல்ல செய்தி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அதனால் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால், அது எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதை வைத்து ஆல்கஹால் சதவீதத்தைப் படிக்கலாம். சர்க்கரை கரைந்திருந்தால் திரவத்தின் அடர்த்தி கூடும், கருவி குறைவாக அமிழும், அளவு தவறாகக் குறைத்துக் காட்டும். லேபிளில் 40 சதவீதம் என்று இருக்கிறது. 20 டிகிரி வெப்பநிலையில் கருவி சுமார் 35 என்று காட்டுகிறது என்றால், லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது என்று கணக்கிடலாம். 700 மில்லிலிட்டர் பாட்டிலில் அது 14 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. கிளிசராலும் இதே போல் அளவைக் குழப்பும் என்பதால் சர்க்கரையின் அளவு துல்லியமாக வராது. ஆனால் லேபிளுக்கும் கருவிக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ கரைந்திருக்கிறது என்பது உறுதி.

கருவி இல்லாதவர்கள் செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. ஒரு தட்டையான கண்ணாடித் தட்டில் கொஞ்சம் ரம்மை ஊற்றி, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் தானாக உலர விட வேண்டும். சூடாக்கக் கூடாது, ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். எதுவும் சேர்க்காத ரம் என்றால் மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் மிஞ்சும். சர்க்கரை சேர்த்தது என்றால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பாகு மிஞ்சும். லிட்டருக்கு 20 கிராம் கணக்கில், 100 மில்லிலிட்டரிலிருந்து இரண்டு கிராம் வரும். சமையலறைத் தராசே அதைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, நிறத்துக்கு வருவோம். கருமையான ரம் என்றால் பழையது, வெள்ளை என்றால் இளசு என்ற எண்ணம் விளம்பரப் படங்களால் ஆழமாகப் பதிந்துபோன ஒன்று. பீப்பாய் நிறம் தருவது உண்மைதான். ஓக் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலா வாசனை தரும் வனிலின் வருகிறது, துவர்ப்பு தரும் டானின்கள் இறங்குகின்றன, உட்புறத்தைக் கருக்கியிருந்தால் மரத்தின் சர்க்கரைகள் கேரமலாகி நிறமும் வாசனையும் சேர்க்கின்றன. ஆனால் அதே நிறத்தைக் கேரமல் நிறமியும் தரும். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் ரம்மின் நிறத்தைச் சரிசெய்ய அதைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால் பீப்பாயையே பார்க்காத ரம்கூடக் கருப்பாக இருக்கலாம். எதிர்த்திசையிலும் இது நடக்கும். போர்ட்டோ ரிக்கோவில் ரம் குறைந்தது ஒரு வருடமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். அங்கே வரும் வெள்ளை ரம், ஊறிய பிறகு கரி வழியாக வடிகட்டி நிறம் நீக்கப்பட்டது. ஆக, நிறத்தை வைத்து வயதைச் சொல்லவே முடியாது.

வயது என்று லேபிளில் பெரிதாக அச்சிட்ட எண் இன்னும் சிக்கலானது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் விதி தெளிவு: வயதைக் குறிப்பிட்டால், கலவையில் இருப்பதிலேயே இளைய மதுவின் வயதைத்தான் குறிப்பிட வேண்டும். இங்கேதான் 'வருடம்' என்ற சொல் இல்லாமல் வெறும் எண் மட்டும் வரும் பாட்டில்களைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'சொலேரா' என்று இருந்தால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சொலேரா என்பது ஸ்பெயினின் ஷெரி ஒயின் தயாரிப்பிலிருந்து வந்த முறை. பீப்பாய்களை அடுக்குகளாக வைத்து, கடைசி அடுக்கிலிருந்து ஒரு பங்கை பாட்டிலுக்கு எடுப்பார்கள். அந்த இடத்தை முந்தைய அடுக்கிலிருந்து நிரப்புவார்கள், முதல் அடுக்கில் புது மது சேரும். எந்த அடுக்கும் முழுதாகக் காலியாவதில்லை. சுவை வருடா வருடம் ஒரே மாதிரி இருக்க இது அருமையான வழி, அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அங்கே 'வயது' என்ற சொல் பொருள் இழந்துவிடுகிறது. மிக எளிமையான ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரே பீப்பாய், வருடா வருடம் பாதியை எடுத்துவிட்டுப் புது ரம்மால் நிரப்புகிறோம். 23 முறை இப்படி நிரப்பிய பிறகு முதல் ரம்மின் பங்கு 83,88,608-ல் ஒன்று. 700 மில்லிலிட்டர் பாட்டிலில் அது ஒரு துளியில் 600-ல் ஒரு பங்கு அளவுதான் வரும். எடுக்கிற ரம்மின் சராசரி வயது சுமார் 2 வருடம். ஆனாலும் "இதில் 23 வருட ரம் இருக்கிறது" என்று சொல்வது பொய்யாகாது!

அடுக்கு கூடினால் கணக்கு மேம்படும் என்பதையும் சொல்ல வேண்டும். நாலு அடுக்கு வைத்து, வருடத்துக்குக் கால் பங்கு மட்டும் எடுத்தால், நாளடைவில் சராசரி வயது 16 வருடத்தை எட்டும். எவ்வளவு எடுக்கிறார்கள், எத்தனை அடுக்கு என்பதைச் சொன்னால் யார் வேண்டுமானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லேபிளில் அந்த இரண்டு தகவலையும் காண்பது அபூர்வம்.

ஒரே பீப்பாயில் உண்மையாகவே 23 வருடம் வைத்தால் என்ன ஆகும்? மரத்தின் நுண்துளைகள் வழியாக மது ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தின் குளிரில் வருடத்துக்கு 2 சதவீதம் அளவில் போகிற இந்த இழப்பு, வெப்ப மண்டலத்தில் 6 முதல் 8 சதவீதம் வரை ஆகும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டர் பீப்பாயில் 23 வருடம் கழித்து மிஞ்சுவது 38 லிட்டர்தான். வெப்ப மண்டலத்திலேயே ஊறிய 23 வருட ரம், கடைக்குக் கடை எளிதில் கிடைக்கிற விலையில் வராததற்கு இந்தக் கணக்கே போதும். இதைத் திருப்பிப் போட்டு, "வெப்ப மண்டலத்தின் 12 வருடம் குளிர் நாட்டின் 36 வருடத்துக்குச் சமம்" என்கிற விளம்பரங்களும் உண்டு. ஆவியாவதும் மரத்திலிருந்து சாரம் இறங்குவதும் வெப்பத்தில் வேகமாகும், அதுவரை சரி. ஆனால் காற்றின் ஆக்சிஜனோடு நடக்கும் மாற்றமும், அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்கள் உருவாவதும் ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் நடப்பவை. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிவிட முடியாது.

அப்புறம், "ஐந்து முறை வடித்தது" போன்ற பெருமைகள். பானை வடிவச் செப்புக் கலத்தில் ஒவ்வொரு முறையும் தனியாக வடிப்பதால் அங்கே எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. பெருமளவில் தயாரிக்கும் ஆலைகளில் இருப்பது உயரமான தூண் கலம். அதற்குள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஆவி ஒருமுறை குளிர்ந்து மீண்டும் ஆவியாகிறது. ஒரே ஓட்டத்தில் பல மடங்கு வடித்தல் தானாக நடந்துவிடுவதால், அங்கே 'ஐந்து முறை' எதையும் சொல்வதில்லை. மேலும், ஆல்கஹால் செறிவு 95 சதவீதத்தை நெருங்க நெருங்க ரம்மை ரம்மாக்குகிற எஸ்டர்கள் பெரும்பாலும் கழன்றுவிடும். ஜமைக்காவின் சில ஆலைகள், வாரக்கணக்கில்கூட நொதிக்கவிட்டு பானைக் கலத்தில் வடித்து, 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரை எஸ்டர் உள்ள ரம்மைத் தயாரிக்கின்றன. அந்த வாசனை நொதித்தலில் பிறந்தது. தூண் கலத்தில் மிக உயர்ந்த செறிவுக்குப் போன ரம்மில் அது இருக்காது. வாசனை வேண்டுமென்றால் வேறு வழியில் சேர்க்க வேண்டும்.

இந்தத் 'தூய்மை'யைச் சொல்லி மறுநாள் தலைவலி வராது என்று கிசுகிசுக்கிற விளம்பரங்களை நம்பவே கூடாது. எத்தனாலோடு வரும் மற்ற சேர்மங்களுக்கும் அந்தத் தலைவலியில் கொஞ்சம் பங்கு உண்டு. பெரும் பங்கு எத்தனாலுடையது. அது விலை குறைந்த பாட்டிலிலும் விலை கூடிய பாட்டிலிலும் ஒரே மூலக்கூறுதான். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. அந்த அறிவிப்பு 'பிரீமியம்' பாட்டிலுக்கு விதிவிலக்கு தரவில்லை.

பிரிட்டிஷ் கடற்படையின் பெயரில் விற்கும் '57 சதவீத' ரம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970 ஜூலை 31-ல் நிறுத்தப்படும் வரை மாலுமிகளுக்கு அளந்து கொடுத்த ரம்மின் செறிவு 54.5 சதவீதம். 57 என்பது பழைய பிரிட்டிஷ் வரிக் கணக்கின் அளவுகோல்.

விதிமுறைகள் மெல்ல இறுகி வருகின்றன. ஜமைக்கா, பார்படோஸ் நாடுகளின் தயாரிப்பாளர்கள் பலர் சர்க்கரை சேர்ப்பதை வெளிப்படையாக எதிர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே மாதம் முதல் ரம்மில் லிட்டருக்கு 20 கிராம் இனிப்பூட்டி வரை மட்டும் அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் 'ரம்' என்ற பெயரில் விற்க முடியாது. அதற்குப் பிறகு சில பாட்டில்களின் லேபிளில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் 'ஸ்பிரிட் டிரிங்க்' (வடித்த மது) என்ற பொதுப்பெயர் வந்தது. ஃபின்லாந்தின் அரசு மதுக்கடையான ஆல்கோ, விற்கிற ஒவ்வொரு ரம்மிலும் லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதைத் தன் பட்டியலிலேயே போடுகிறது. பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும், முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம்.