அப்சலோமின் 200 சேக்கல் முடி

ஒரு தாய் தன் மகனை ஆலோசனைக்குக் கூட்டி வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) 19 வயது. உள்ளே வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. அணைந்திருந்த போன் திரையில் அடிக்கடி முகத்தைப் பார்த்து, நெற்றியோரம் தெரிந்த முடியை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான். "அழகுப் பெருமை மேடம். அப்சலோம் கதையைச் சொல்லியும் கேட்க மாட்டேங்கிறான்" என்றார் அம்மா.

அப்சலோம் பைபிளில் வரும் தாவீது ராஜாவின் மகன். முடியைப் பற்றிப் பெருமைப்பட்டான், முடியாலேயே மரத்தில் தொங்கினான் என்றுதான் நாம் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பைபிளில் 2 சாமுவேல் புத்தகத்தின் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்வாலி மரத்தில் மாட்டியது தலை என்றே எழுதியிருக்கிறது.

எபிரெய வேதத்துக்கு (பழைய ஏற்பாட்டுக்கு) அழகோடு பகை கிடையாது. ராகேல், யோசேப்பு, தாவீது, எஸ்தர் எல்லாரையும் அழகானவர்கள் என்றே சொல்கிறது. பெருமை வந்தால் கண்டிக்கவும் செய்கிறது. அழகினால் உன் இருதயம் மேட்டிமையாயிற்று என்று தீரு பட்டணத்து ராஜாவுக்கு எசேக்கியேல் தீர்க்கதரிசி வழியாகச் செய்தி போகிறது. அப்சலோமும் தனக்கு முன்னே 50 பேரை ஓடவிட்டவன்தான்.

ஆனால் அதே புத்தகத்தின் 14-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை அவனில் ஒரு பழுதும் இல்லை. வருடம் ஒருமுறை சிரைக்கும் முடி ராஜாவின் நிறைப்படி 200 சேக்கல். இரண்டு கிலோவுக்கு மேல். இரண்டே வசனம் தள்ளி, அவன் எருசலேமில் 2 வருடம் ராஜாவின் முகத்தைக் காணாமலே குடியிருந்தான் என்று வருகிறது. தன் சகோதரன் அம்னோனைக் கொன்றுவிட்டு கேசூர் நாட்டுக்கு ஓடிப்போய் இருந்த 3 வருடத்தையும் சேர்த்தால் 5 வருடம். ஊரே மெச்சிய அந்த முகத்தை, பெற்ற அப்பாவான ராஜா பார்க்கவில்லை.

பெருமை என்று சொல்லி என்னிடம் கூட்டி வரப்படும் பிள்ளைகள் பலரிடம் நான் பார்ப்பது பயம். மணிக்கணக்கில் கண்ணாடி, போட்டோ என்றால் ஓட்டம், கல்லூரிக்குப் போகவே மறுப்பு. இப்படி இருந்தால் வசனம் சொல்லித் திட்டாதீர்கள், மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை இருக்கிறது.

"அப்பா உன்கூட உட்கார்ந்து பேசுவாரா?" என்று அவனிடம் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார், "அவருக்கு எங்க மேடம் நேரம்?" சரி, அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.