துப்புரவுக்கு வந்த செல்கள் நோயை வளர்க்கும்போது

மாதவிடாய் ரத்தம் முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. கொஞ்சம், கருப்பைத் திசுத் துணுக்குகளோடு, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றறைக்குள் சிந்துகிறது. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் சொன்னார். ஆனால் இந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. நோய் வருவதோ இனப்பெருக்க வயதினரில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்குத்தான். மற்றவர்களை எது காப்பாற்றுகிறது?

வழிதவறி வந்த கருப்பைத் திசுவைக் கொல்வது நோயெதிர்ப்பு மண்டலத்தின் இயற்கைக் கொல்லி செல்களின் வேலை. மிச்சத்தை விழுங்குவது மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்களின் வேலை. நோயுள்ளவர்களிடம் கொல்லி செல்களின் வீரியம் குறைந்திருக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் ஏராளமாக வந்து சேர்கின்றன, ஆனால் சுத்தம் செய்யாமல் சைட்டோகைன்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள் இவை. இவற்றில் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவும் அழற்சியை மூட்டிவிடுகின்றன. இன்டர்லூக்கின்-8 புது ரத்தக்குழாய் முளைக்க உதவுகிறது. எம்சிபி-1 இன்னும் மேக்ரோஃபேஜ்களை அழைக்கிறது. அழற்சியால், வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. அது அந்தத் திசுவையே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தயாரிக்க வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மறுபடி புரோஸ்டாகிளாண்டினைக் கூட்டுகிறது. வலியும் தீராமல் தொடர்கிறது. அதனால் ‘எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரையை நம்பவே வேண்டாம்.

சரி, குழந்தைப்பேறு ஏன் தடைபடுகிறது? ஒட்டுத்தழும்புகள் கருக்குழாயை அடைப்பது ஒரு காரணம். குழாய் திறந்திருந்தாலும் சிக்கல் வருகிறது. சினைப்பையும் கருக்குழாயும் அழற்சிப் பொருட்கள் கலந்த வயிற்றறைத் திரவத்தில்தான் நனைந்திருக்கின்றன. முட்டையின் தரம், விந்தணுவின் நீந்தும் திறன் இரண்டையும் அது கெடுக்கக்கூடும். அப்புறம், கருப்பையின் உட்படலமே, அதைக் கர்ப்பத்துக்குத் தயார்செய்யும் ஹார்மோனான புரோஜெஸ்டிரானின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கரு ஒட்டத் தேவையான எல்ஐஎஃப் என்ற சைட்டோகைனும் சிலருக்குக் குறைகிறது. அதன் முக்கியத்துவத்தை 1992இல் வெளியான ஓர் எலி ஆய்வு காட்டியது: எல்ஐஎஃப் இல்லாத பெண் எலிகளில் கரு உருவானது, ஆனால் பதியவில்லை. அதே கருக்களை இயல்பான எலிகளின் கருப்பைக்கு மாற்றியதும் பதிந்து வளர்ந்தன. கருவில் குறையே இல்லை.

சைட்டோகைன்களை ஒட்டுமொத்தமாக அடக்கிவிடவும் முடியாது. முட்டை வெடித்து வெளிவரவும் கரு பதியவும் அளவான அழற்சி வேண்டும். டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து, சோதனையில் வலியைக் குறைக்கவில்லை. இன்டர்லூக்கின்-8ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்று குரங்குகளில் நோய்த்திசுவைச் சுருக்கியதாக 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். இப்போதுள்ள ஹார்மோன் மாத்திரைகள் பெரும்பாலும் முட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுவதால், கருத்தரிக்க முயல்பவர்களுக்கு அறுவை சிகிச்சையும் செயற்கைக் கருத்தரிப்பும்தான் முக்கிய வழிகள்.