மீட்டாத தந்தி ஏன் ஒலிக்கிறது?

விரலால் மீட்டி வாசிக்கும் பாட்டு ஒன்றுக்காக, வீடியோ பார்த்துத் தன் கிட்டாரை டாட்காட் ட்யூனிங்குக்கு மாற்றிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அதே கிட்டார், அதே விரல்கள். ஆனால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் கேட்கிறதே, எப்படி?"

வழக்கமான ட்யூனிங், தடித்த ஆறாவது தந்தியிலிருந்து சொன்னால், இ ஏ டி ஜி பி இ. டாட்காட் என்றால் டி ஏ டி ஜி ஏ டி. அதாவது 6, 2, 1 ஆகிய மூன்று தந்திகளை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) அளவுக்கு இறக்குகிறோம். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்பது பள்ளியில் சுரமானியோடு படித்ததுதான். இரண்டு ஃப்ரெட் இறங்க அதிர்வெண் 11 சதவீதம் குறைந்தால் போதும். அதற்கு இழுவிசையில் 21 சதவீதம் போய்விடுகிறது. தந்தி தொளதொளவென்று இருப்பதாக உங்கள் விரல் சொல்வது பொய்யில்லை.

டி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ஸ ப ஸ ம ப ஸ. தம்புராவின் ஸட்ஜ பஞ்சமம் அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு மத்யமம் உட்கார்ந்திருக்கிறது, காந்தாரம் மட்டும் இல்லை. மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பது காந்தாரம்தான். அது இல்லாததால் வெறும் தந்திகள், அதாவது விரல் அழுத்தாத தந்திகள், எந்தப் பக்கமும் சாய்வதில்லை. இங்கிலாந்தின் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் இந்த ட்யூனிங்கைப் பரப்பியதற்குக் காரணமும் இதையொட்டியதுதான்: மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் கதை வேறு. 9 வயதில் வந்த போலியோவால் அவருடைய இடது கைக்கு வலு குறைவு. கடினமான கார்டுகளை (சுரக் கூட்டுகளை) அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் தந்திகளையே மாற்றிவிட்டார்.

சரி, கேள்விக்கு வருவோம். டாட்காட்டில் தந்திகளின் அதிர்வெண்கள், ஆறாவதிலிருந்து: 73.4, 110, 146.8, 196, 220, 293.7 ஹெர்ட்ஸ். ஆறாவது தந்தியை மட்டும் மீட்டினால் அது 73.4-இல் மட்டும் ஒலிக்காது. இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களையும் சேர்த்தே எழுப்பும். அவை 146.8, 220.2, 293.7. அதாவது நான்காவது, இரண்டாவது, முதல் தந்திகள்! ஆறு தந்திகளையும் உடலோடு சேர்க்கும் பிரிட்ஜ் ஒன்றுதான். கயிற்றுக் கட்டிலில் ஆறு பேர் படுத்திருந்தால், ஒருவர் புரண்டாலும் ஐந்து பேருக்குத் தெரியும் அல்லவா? ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுந்து பேசுவதில்லை. வரும் அசைவின் அதிர்வெண் தன்னுடையதோடு பொருந்துகிற தந்திதான் பேசும். ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதையே. வழக்கமான ட்யூனிங்கிலும் ஆறாவது தந்தி இரண்டாவதையும் முதலாவதையும் எழுப்பத்தான் செய்கிறது. ஆனால் பாட்டு டி-யில் என்றால் அந்த இ உதவாது. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் இடது கை அழுத்திப் பிடிக்க வேண்டும், அழுத்திய தந்தி அவ்வளவு தாராளமாக அதிராது. டாட்காட்டில் கட்டைவிரல் வெறும் 6, 4 தந்திகளை மாறிமாறித் தட்டிக்கொண்டிருந்தாலே பாட்டுக்குத் தரை போட்டாகிவிடும்.

மூன்றாவது தந்தியான ஜி மட்டும் தனி. டி, ஏ இரண்டின் கீழ் மேற்சுரங்களில் எதுவும் 196-ஐத் தொடுவதில்லை. அதனால் நீங்களாக மீட்டும்வரை அது தன் சொந்தச் சுரத்தில் கிட்டத்தட்ட வாய் திறக்காது.

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். மற்ற தந்திகளைத் துணியால் அமுக்கிவிட்டு 6, 1 இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். முதல் தந்தியை ஓங்கி மீட்டி உடனே அடக்குங்கள். ஆறாவது தந்தி, நீங்கள் தொடவே இல்லை, முதல் தந்தியின் சுரத்தில் முணுமுணுக்கும். இப்போது அது நான்கு கண்ணிகளாக அதிர்கிறது. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாக வையுங்கள்: ஒலி நிற்காது, அங்கே கணு, அதாவது தந்தி அசையாத புள்ளி. மறுபடி மீட்டி, இந்த முறை 8-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தொடுங்கள்: செத்துவிடும், அங்கே எதிர்க்கணு, அதிகமாக அசையும் இடம்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே கணு உள்ள மேற்சுரம் எழாது. ஆறாவது தந்தியின் மூன்றாம் மேற்சுரத்துக்கு (மூன்று மடங்குக்கு), நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் கணு. கிட்டாரில் அந்த இடம் 19-ஆம் ஃப்ரெட், சவுண்ட்ஹோலின் விளிம்பு. கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடங்களில் ஒன்று. அங்கே மீட்டினால் 220 ஏறக்குறைய காணாமல் போகும், இரண்டாவது தந்திக்குச் சேதியே போகாது. கட்டைவிரலைப் பிரிட்ஜ் பக்கம் 5 சென்டிமீட்டர் சொச்சம் நகர்த்துங்கள். இரண்டாவது தந்தி விழித்துக்கொள்ளும், முதல் தந்தி அடங்கிவிடும். ஏனென்றால் இப்போது நீங்கள் நிற்பது கால் பங்கில், நான்காம் மேற்சுரத்தின் கணுவில். மீட்டாத தந்திகளில் எது பதில் சொல்ல வேண்டும் என்பதை வலது கை முடிவு செய்கிறது! நல்ல கலைஞர்கள் ஒரே பாட்டுக்குள் வலது கையை முன்னும் பின்னும் நகர்த்துவதைச் சும்மா ஸ்டைல் என்று நினைத்துவிடாதீர்கள்.

தம்புராவில் இந்த விதி பலிக்காது. எங்கே மீட்டினாலும் எல்லா மேற்சுரங்களும் வந்துவிடும். தந்தி அதன் அகலமான, வளைந்த குதிரையை (பிரிட்ஜை) உரசிக்கொண்டே அதிர்வதுதான் காரணம். அந்த உரசலைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரத்தான் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகும் ஜீவா நூல். தம்புராவும் வீணையும் இப்படி விதியை மீறுவதைக் கல்கத்தாவில் இருந்துகொண்டு சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். மிருதங்கத்தையும் அவர் விடவில்லை. இன்று ஒருவர் "தம்புராவின் குதிரையை ஆராயப் போகிறேன்" என்று நிதி கேட்டுப் போனால், இதனால் என்ன பிரயோஜனம் என்ற கேள்விதான் முதலில் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. சதா பிரயோஜனத்தைக் கேட்கும் குழுக்கள் ராமனுக்கும் இல்லை என்று சொல்லியிருக்கும்.

பேச்சு தம்புராவுக்கு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏ-யை 440-க்குப் பதில் 432 ஹெர்ட்ஸில் வைத்தால் பிரபஞ்சத்தோடு இசைந்துவிடும், நோய் தீரும் என்று ஒரு பிரசாரம் ஓடுகிறது. 440 என்பது சர்வதேசத் தர அமைப்பு 1955-இல் பரிந்துரைத்த ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். அதில் புனிதமும் இல்லை, சதியும் இல்லை. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு இத்தனை என்ற கணக்கு. ஒரு நாளை 86,400 ஆக வெட்டி நொடி என்று பெயர் வைத்தது மனிதர்கள். பிரபஞ்சத்துக்கு அது எப்படித் தெரியும்? நம் பாடகர்கள் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று தொண்டைக்கேற்ப ஸ்ருதியை மாற்றித்தான் பாடுகிறார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காதுக்கு முக்கியம் விகிதம். மேலே சொன்ன ஒத்ததிர்வெல்லாம் 432-இலும் அதேபோல் நடக்கும்.

உங்கள் பாட்டுக்கு டாட்காட்தான் சரியா? பாடிப் பாருங்கள். பாட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறதோ அதை டி-யாக வையுங்கள். குரலுக்கு எட்டாவிட்டால், எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தி ஸ்ருதியை ஏற்றும் கவ்வியான கேப்போ இருக்கிறது. மேஜர் காந்தாரம் பாட்டு முழுக்க அடியில் ஒலிக்க வேண்டுமானால் மூன்றாவது தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கலாம்: ஸ ப ஸ க ப ஸ. ஆனால் ட்யூனர் சொல்கிற காந்தாரம் இயற்கையானதைவிடக் கொஞ்சம் தூக்கல். நான்காவது தந்தியின் ஐந்தாம் மேற்சுரம் 734. இந்தத் தந்தியின் நான்காம் மேற்சுரம் 740. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6 முறை ஏறி இறங்கும்; இந்த விம்மல்கள் காதில் ஒரு படபடப்பு. அதை அடக்க, காதால் கேட்டு அந்தத் தந்தியை ஒரு பொட்டு இறக்குபவர்கள் உண்டு. அதற்கு விலையாக, அதே தந்தியில் ஃப்ரெட் பிடிக்கும்போது மற்ற சுரங்கள் சற்றுத் தாழ்ந்துவிடும். பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை: 220.2-க்கும் 220-க்கும் நடுவே நான்கு நொடிக்கு ஒரு விம்மல்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ட்யூன் செய்யும்போது சுரத்துக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள். நேராக இறக்கி நிறுத்தினால் நட்டில் (கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் பள்ளங்களில்) சிக்கிய தந்தி வாசிக்கும்போது நழுவும். சாதாரண ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. மூன்றைத் தளர்த்தினால் கழுத்து கொஞ்சம் நிமிரும். தொடாத 5, 4, 3 தந்திகள் இம்மி ஏறிவிடும். அப்புறம் இன்னொரு சுற்று. ஆறாவது தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் மணியொலியும் வெறும் இரண்டாவது தந்தியும் ஒன்றாகக் கேட்டால் வேலை முடிந்தது. புதுத் தந்தியாக இருந்தால் மட்டும் பாட்டின் பாதியில் மறுபடி கேட்டுப் பாருங்கள்.