உண்ணி மருந்து வாங்கும் முன் நாயை எடை போடுங்கள்

சென்ற சித்திரையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு எழலாம் என்று இருந்த நேரத்தில், லாப்ரடார் நாய் ஒன்றைப் போர்வையில் கிடத்தி அண்ணனும் தம்பியுமாக இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாய்க்கு நினைவு இருந்தது. ஆனால் தலையைத் தூக்க முடியவில்லை. உடல் சில்லிட்டிருந்தது, இதயம் நிமிடத்துக்கு 50 முறைகூடத் துடிக்கவில்லை, இரத்தச் சர்க்கரையோ இயல்பைத் தாண்டி எங்கோ போயிருந்தது. “காலையில உண்ணி மருந்து போட்டுக் குளிப்பாட்டினோம் டாக்டர், அதுக்கப்புறம் படுத்ததுதான்” என்றார் மூத்தவர்.

மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்து வந்தது நல்லதாயிற்று. பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வாங்கி மீந்துபோன அமிட்ராஸ், 12.5 சதவீதக் கரைசல். அதாவது ஒரு மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து. நாய்க்கு நான் இதை எழுதித் தரும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்று எழுதுவது வழக்கம். இவர்கள் இரண்டு மூடி மருந்தை ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து தலை முதல் வால் வரை ஊற்றி, வெயிலில் காயட்டும் என்று விட்டிருக்கிறார்கள்; நாய் தன் உடம்பைத் தானே நக்கியிருக்கிறது. சோப்புப் போட்டுப் பலமுறை அலசி, சலைன் ஏற்றி, மருந்தின் வேகத்தை முறிக்கும் ஊசியைப் போட்டு, உடம்புக்குச் சூடு கொடுத்து இரவு முழுவதும் வைத்திருந்தோம். மறுநாள் காலை அது எழுந்து தயிர்ச்சோறு தின்றது.

அந்த மருந்து போலியும் அல்ல, கெட்டுப்போனதும் அல்ல. நானே எழுதித் தரும் மருந்துதான். அதனால்தான் “எந்த உண்ணி மருந்து பாதுகாப்பானது?” என்று யாராவது கேட்கும்போது, மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நாயின் எடை என்ன, வயது என்ன, வலிப்பு வந்தது உண்டா, வீட்டில் பூனை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது என்பதும் தெரியும்.

எடையிலிருந்தே தொடங்குகிறேன். தோலில் விடும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் 10 கிலோ வரை, 10 முதல் 20 வரை, 20 முதல் 40 வரை, அதற்கு மேல் எனத் தனித்தனி அளவுகளில் விற்கப்படுகின்றன. மாத்திரைகளும் அப்படியே. பொமரேனியனின் புசுபுசுவென்ற முடியைப் பார்த்து “பத்துக் கிலோ தாண்டும்” என்பார்கள். தராசில் ஏற்றினால் ஆறு கிலோகூட இருக்காது. சிப்பிப்பாறை நாயோ ஒல்லியாகத் தெரிந்தாலும் நினைத்ததைவிடக் கனக்கும். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டு சிறிய நாய்களுக்குப் பாதி பாதியாக உடைத்துக் கொடுக்கும் சிக்கனமும் இங்கே பரவலாக இருக்கிறது. உடைத்த இரண்டு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒன்றுக்குக் கூடுதலாகவும் மற்றதற்குப் போதாமலும் போகலாம்.

அடுத்தது, எதை விரட்டப் போகிறோம் என்பது. உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம்; இரண்டும் வேறு. நம் ஊர் நாய்களில் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. காதின் உட்புறத்திலும் கால்விரல் இடுக்கிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் கடித்துக்கொண்டு, இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல ஊதியபின் பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவுச் சட்டத்தின் இடுக்கிலோ காலண்டருக்குப் பின்னாலோ போய் 4,000 வரை முட்டையிடும். சுவரில் உண்ணி ஏறுவதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டையான, துள்ளும் பூச்சி. அது கண்ணில் படாவிட்டாலும் எச்சம் காட்டிக்கொடுக்கும். நாயை வெள்ளைத் தாள்மேல் நிறுத்தி வால் தொடங்கும் இடத்தில் பேன் சீப்பால் வாருங்கள். விழும் கரும்பொடியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தால், அது மண் அல்ல, செரித்த இரத்தம்.

உண்ணி வெறும் அரிப்போடு விட்டுவிடுவதில்லை. எர்லிக்கியா, பேபீசியா என்ற நோய்க்கிருமிகளை அது நாயின் இரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. தட்டணுக்கள் குறைந்து மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகும் நிலையில் வரும் நாய்களில் சிலவற்றை எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. ஆகவே ஆபத்துக்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடுவதும் பாதுகாப்பு ஆகாது. (இடையில் ஒன்று: தமிழ்நாட்டில் மனிதர்களுக்கு வரும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ்; அதைப் பரப்புவது புதர்களில் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம் பருவம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாயைத் தெருவில் விட வேண்டியதில்லை.)

இன்று நான் அதிகம் எழுதித் தருவது ஐசாக்சசோலின் வகையைச் சேர்ந்த மெல்லும் மாத்திரைகளை: அஃபாக்சோலனர், சரோலனர் போன்றவை மாதம் ஒன்று, ஃப்ளூரலனர் சுமார் 12 வாரத்துக்கு ஒன்று. உண்ணி, தெள்ளு இரண்டையும் கொல்கின்றன. குளிப்பாட்டுவதால் வீரியம் குறையாது. தடவிய இடத்தைக் குழந்தைகள் தொட்டுவிடுவார்களோ என்ற கவலையும் இல்லை. ஆனால் 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இந்த வகை மருந்துகள் சில நாய்களில் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்தது. சந்தையிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. என் வழக்கம் இதுதான்: ஒருமுறையேனும் வலிப்பு வந்த நாய்க்கு இவற்றைத் தவிர்த்து, ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போன்ற வேறு வழியைப் பார்ப்பேன்.

‘உண்ணி ஊசி’ என்று கேட்டு வருபவர்களிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்பது மாட்டுக்கான ஐவர்மெக்டின். தெள்ளுப்பூச்சிக்கு அது பயன்படாது, உண்ணிக்கும் நம்பகமானது அல்ல. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு இன நாய்கள் பலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதால், மூளைக்குள் நுழையவிடாமல் இம்மருந்தைத் தடுக்கும் அமைப்பு வேலை செய்யாது. அவற்றுக்கு இந்த ஊசி கோமாவரை கொண்டுபோகும். மாட்டுக்கு அளக்கும் சிரிஞ்சில் நாய்க்கும் அளந்தால், எந்த இனமானாலும் அளவு தப்பும்.

பூனை இருக்கும் வீட்டில் கட்டாயம் பார்க்க வேண்டியது பெர்மெத்ரின் என்ற பெயர். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் அது மிக அடர்த்தியாக இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. நேரடியாக விட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும், உடல் முழுவதும் துள்ளித் துடிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனிலிலும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

எட்டு வாரம் நிறையாத குட்டிக்கு, கடையில் கிடைக்கும் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டிப் பேன் சீப்பால் வாரி, விழுவதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, படுக்கைத் துணியை மாற்றுங்கள். ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காமல் தூக்கி வாருங்கள். தெள்ளுப்பூச்சி குடித்த இரத்தமே ஒரு குட்டியைக் கொல்லப் போதும்.

கைவைத்தியத்தில் எல்லாவற்றையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை. வேப்பெண்ணெய் ஓரளவு விரட்டும், ஆனால் நோய் பரவுவதைத் தடுக்கும் அளவுக்கு நம்பி இருக்க முடியாது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும்; புகையிலைத் தண்ணீர் நிக்கோட்டின் நஞ்சு; பாச்சை உருண்டையும் பினாயிலும்கூட நாய்க்கு நஞ்சுதான். சோற்றில் பூண்டு கலந்து கொடுப்பது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

சொட்டு மருந்தைக் கழுத்தின் பின்புறம், நாய் நக்க முடியாத இடத்தில் முடியை வகிர்ந்து தோலில் விட வேண்டும். முடிமேல் ஊற்றியது முடியோடு போயிற்று. தோலின் எண்ணெய்ப் பசையில்தான் மருந்து பரவும் என்பதால், அதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. கடித்திருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். ஊதுபத்தியால் சுடுவதும் நகத்தால் நசுக்குவதும் வேண்டாம்.

மருந்து போட்டு ஒரு வாரத்தில் “இன்னும் பூச்சி இருக்கிறதே” என்று தொலைபேசி வரும். நாயின் மேல் நாம் பார்க்கும் வளர்ந்த தெள்ளுப்பூச்சி மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள் கிடக்கிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வும் உடல்சூடும் பட்டதும் வெளியே வரும். எந்தப் பூச்சிமருந்தும் அந்தக் கூட்டுக்குள் எளிதில் புகாது. எனவே புதிதாக வெளிவந்தவை நாயின் மேல் ஏறிச் சாகும்வரை சில வாரங்கள் பூச்சி தெரியத்தான் செய்யும். அந்த நாள்களில் விரிப்புகளைக் கொதிநீரில் துவைத்து, சுவர் விரிசல்களைப் பூசி, இண்டு இடுக்கெல்லாம் பெருக்குங்கள். தரையில் பூச்சிமருந்து அடித்தால் ஈரம் உலரும்வரை நாய் வெளியே இருக்கட்டும். இரண்டாம் தவணையை முன்கூட்டியே கொடுப்பதோ, பலிக்கவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு மருந்தைப் போடுவதோ கூடாது. முதல் மருந்து கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, மருந்து வந்த அட்டையைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த முறை வரும்போது அதை முதலில் என் மேசைமேல் வையுங்கள்.