கண்ணாடியை எடுத்துவிட்டால் என்ன மாறும்?

டிஎஸ்எல்ஆரை விட்டு, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் லென்ஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி தெரியும். வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், நாம் பார்க்கும் காட்சியை மேலே அனுப்புவது அதுதான். அதன் பின்பக்கத்தில் இன்னொரு குட்டிக் கண்ணாடி ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியை உள்ளே கசிய விடும். அந்த ஒளியைக் குட்டிக் கண்ணாடி வாங்கி, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடும். பட்டனை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மடங்கி மேலே போக, பின்னாலிருந்து படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் படம் விழும். 'க்ளக்' என்று கேட்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த ஆட்டம்தான்.

ஆக, ஃபோகஸை அளப்பது ஓரிடம், படம் விழுவது வேறிடம். இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் மிகச் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும், கேமரா ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பீப் அடிக்கும், படத்தில் கண்ணுக்குப் பதில் மூக்கு நுனி கூர்மையாக இருக்கும். அகலமாகத் திறக்கும், அதனால் கொஞ்ச தூரம் மட்டுமே கூர்மையாகக் காட்டும் எஃப் 1.8 லென்ஸில் மாதக்கணக்கில் இப்படி எடுத்துவிட்டு என் கை நடுக்கத்தைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மிரர்லெஸ் செய்வது இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாக்குவதுதான். படம் எடுக்கும் சென்சாரிலேயே ஃபோகஸ் அளக்கும் பிக்ஸல்கள் இருக்கும். கேனன் 2013-இல் 70டி என்ற டிஎஸ்எல்ஆரிலேயே, பின்திரையைப் பார்த்து எடுப்பதற்காகக் கொண்டுவந்த முறையில் ஒவ்வொரு பிக்ஸலும் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி லென்ஸின் இடப்பக்க ஒளியைப் பார்க்கும், மறுபாதி வலப்பக்க ஒளியை. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு பாதிகளும் காணும் காட்சி அப்படியே பொருந்தும். இல்லாவிட்டால் விலகி நிற்கும். எந்தப் பக்கம், எவ்வளவு விலகல் என்பதை வைத்தே லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்துவது என்று தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆரின் அடியில் நடப்பதும் இதே கணக்குதான், இடம்தான் வேறு. சென்சார் எந்நேரமும் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், முகம் எது, கண் எது, பறவை எது என்று மிரர்லெஸ் கண்டுபிடித்துத் துரத்தவும் முடிகிறது.

படத்தின் தரம்? அதற்காக மாறுவதில் அர்த்தமில்லை. ஒரே காலத்துச் சென்சார் என்றால் கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஒன்றுதான். 2020-இல் வந்த நிகான் டி780-ஐப் பாருங்கள். வியூஃபைண்டரில் கண் வைத்தால் 51 புள்ளி டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ். கண்ணாடியை மடக்கிவிட்டுப் பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவுக்குப் போனால் சென்சாரிலேயே 273 புள்ளிகள். ஒரே பாடிக்குள் இரண்டு கேமராக்கள்!

அதனால் முதலில் உங்களிடம் இருப்பதையே சோதித்துப் பாருங்கள். மேசையில் ஒரு ஸ்கேலை, எண்கள் உங்களைவிட்டுத் தள்ளிப் போவதுபோல வையுங்கள். 15-க்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நேராக நிறுத்துங்கள். கேமராவை டிரைபாடில் சற்று உயரத்தில் மாட்டி, லென்ஸை முழுக்கத் திறந்து (எஃப் எண்ணை ஆகக் குறைவாக வைத்து), தீப்பெட்டியின் முகப்பில் ஃபோகஸ் வைத்து வியூஃபைண்டர் வழியாக ஐந்தாறு படம், லைவ் வியூவில் ஐந்தாறு படம். லைவ் வியூ எப்படியும் சென்சாரில்தான் அளக்கும். எனக்கு லைவ் வியூவில் 15 கூர்மையாக விழுந்தது, வியூஃபைண்டரில் 14. அப்புறம் மெனுவில் ஃபோகஸ் திருத்தத்தை பிளஸ் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன், சரியாகிவிட்டது. எல்லா டிஎஸ்எல்ஆரிலும் இந்த வசதி இல்லை. விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இருக்காது.

இரண்டு வழியிலும் 15-ஏ கூர்மையாக விழுந்தால், கோளாறு கண்ணாடியில் இல்லை. லென்ஸையோ வெளிச்சத்தையோ கவனியுங்கள்.

மிரர்லெஸ்ஸுக்குச் செலவாவது பேட்டரி. கேமரா நிறுவனங்களின் பொது அளவீட்டு விதிப்படி நிகான் டி850 டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 1840 படம் எடுக்கும், மிரர்லெஸ்ஸான இசட்7 330. கிட்டத்தட்ட ஒரே பேட்டரிதான். நடைமுறையில் வித்தியாசம் இவ்வளவு மோசமில்லை என்றாலும், திரையும் சென்சாரும் ஓயாமல் ஓடினால் மின்சாரம் போகத்தானே செய்யும்.

பழைய லென்ஸ்கள் வீணாகுமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. கேனன் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணாடி ஆட அந்த இடம் வேண்டும். கேனனின் ஆர்எஃப் வகை மிரர்லெஸ்ஸில் 20 போதும். மீதி 24 மில்லிமீட்டரை ஒரு வெற்றுக் குழாய் அடைத்துக்கொள்ளும். அடாப்டர் என்பது அவ்வளவுதான், உள்ளே லென்ஸ் சில்லு எதுவும் கிடையாது. நிகானில் மட்டும் ஒரு வில்லங்கம்: ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருக வேண்டும்.

2020-க்குப் பிறகு கேனனும் நிகானும் புதிதாக டிஎஸ்எல்ஆர் எதையும் வடிவமைத்துக் கொண்டுவரவில்லை. எனவே, இன்னும் பெரிய டிஎஸ்எல்ஆராக வாங்கிப் பாடியை (லென்ஸ் தவிர்த்த கேமராவை) உயர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடும் குழந்தை, பறக்கும் கொக்கு என்று அசைவதையே எடுப்பவர் நேராக மிரர்லெஸ்ஸுக்குப் போகலாம். நான் எடுப்பது பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் முகங்கள். திருத்தம் போட்ட பழைய பாடியே இன்னும் என் பையில் இருக்கிறது.