முகிலுக்குள்ளால் வயல் பார்ப்பது எப்படி?

"மார்கழி முழுக்க வானம் மூடிக் கிடக்குது. பிறகு எப்படிச் செய்மதி எங்கட வயலை அளந்தது?" விசுவமடுவிலிருந்து ஒரு கமக்காரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

சாதாரணச் செய்மதிப் படம் பலருக்கும் தெரிந்ததுதான். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி எறியும். இரண்டையும் ஒப்பிட்டால் பயிர் செழிப்பா வாட்டமா என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் லான்ட்சாட் செய்மதிகள் 1972 முதல் செய்துவரும் வேலை இது. ஆனால் சூரியனை நம்பிய வேலை; முகில் வந்தால் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். நமது காலபோக நெற்செய்கையோ வடகீழ்ப் பருவமழையை நம்பியே நடப்பது.

அதற்குத்தான் ரேடார். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014 முதல் ஏவிவரும் சென்டினல்-1 செய்மதிகள், ஏறக்குறைய 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தாமே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கின்றன. அலைநீளம் ஐந்தரை சென்ரிமீற்றர். முகிலின் துளியெல்லாம் அதற்குத் தூசு. இரவிலும் பார்க்கும்.

இரவில் குளக்கட்டில் நின்று தண்ணீர்மேல் ரோச் லைட்டைச் சரித்து அடித்துப் பாருங்கள். கரையோரப் பற்றை பளிச்சென்று தெரியும். அசையாத தண்ணீர் கறுப்பாகவே கிடக்கும். ஒளி அதில் பட்டு அந்தப் பக்கம் வழுக்கிப் போய்விடுகிறது. ரேடாரும் சரித்தே பார்ப்பதால், தண்ணீர் நிற்கும் வயல் படத்தில் கறுப்பு. பயிர் எழும்பியதும் நிலைமை மாறும். அலை தண்ணீரில் பட்டு, நெற்தண்டில் மோதி, வந்த பக்கமே திரும்பும். கரம் பலகையின் மூலைக்குக் கிட்ட அடித்த காய் இரண்டு சட்டத்திலும் பட்டு நம்மிடமே வருமே, அதே கணக்கு. தண்ணீர் ஒரு சட்டம், தண்டு மற்றது. தண்டு உயர உயர, மட்டம் (பக்கத் தண்டுகள்) வெடித்துக் கூடக் கூட வயல் வெளிறிக்கொண்டே போகும். ஒரு செய்மதி 12 நாளுக்கு ஒருமுறை அதே வழியில் வரும். படங்களை அடுக்கிப் பார்த்தால் கறுத்திருந்து வெளிறுவது வயல், கறுப்பாகவே இருப்பது குளம், என்றும் வெளிறியே இருப்பது காடு. படத்தின் ஒரு கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர். ஓர் ஏக்கருக்குள் சுமார் 40 கட்டங்கள்.

ஆனால் இது நாற்று நடும் ஊர்களுக்கு வசதியான கணக்கு. வன்னியில் புழுதி விதைப்பும் உண்டு. மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். முளை வந்த பிறகுதான் தண்ணீர் நிற்கும். அந்தத் தொடக்கக் கறுப்பு வராது, கணினியும் அதை வயல் என்று நம்பாது. எவர் எப்படி விதைத்தார் என்று யாராவது மோட்டார் சைக்கிளில் போய்க் கேட்கத்தான் வேண்டும். படங்கள் இலவசம். பெரிய திரைகள் வாங்கத் திட்டம் எழுதுகிறார்கள். இந்தப் பெற்றோலுக்குக் காசு கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

ஒருமுறை முள்ளியவளைப் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் அலைகரையில், தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்தில், என் கணினி அருமையான வயல் ஒன்றைக் காட்டியது. கறுத்திருந்து, வெளிறி, அச்சு அசல் நெல்லின் போக்கு. நேரில் போனேன். சம்புப் புல்! முழங்கால் தண்ணீரில் நெடுநெடுவென்று நின்றது.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கிட்ட வந்தார். "என்ன தம்பி தேடுறியள்?"

"இதில ஒரு வயல்…"

அவர் என்னையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "குளத்துக்குள்ளயோ?"