ஓல்டுடைமர்: பழைய காரா, மூதுந்தா?

ஓல்டுடைமர்: ஜெர்மன் மொழியில் ஆண்பால் பெயர்ச்சொல். முதன்முதலில் சாலைக்கு வந்து குறைந்தது 30 ஆண்டு ஆன, ஆலையிலிருந்து வந்த வடிவம் பெரிதும் கெடாத, நன்றாகப் பேணப்பட்ட வண்டி என்பது பொருள்.

பார்த்தால் ஆங்கிலச் சொல் போலத் தெரியும். ஆனால் "என்னிடம் ஓர் ஓல்டுடைமர் இருக்கிறது" என்று லண்டனில் சொன்னால், வீட்டில் வயதான தாத்தா இருக்கிறார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். ஆங்கிலத்தில் அது ஆளைக் குறிக்கும் சொல். ஓர் ஊரிலோ தொழிலிலோ நெடுநாள் இருந்து பழுத்தவரை அப்படிச் சொல்வார்கள். அதைக் காருக்கு மாற்றிக்கொண்டவர்கள் ஜெர்மானியர்கள். கைபேசியை 'ஹேண்டி' என்றும், சுவரில் படம் காட்டும் கருவியை 'பீமர்' என்றும் சொல்கிற அதே பழக்கம்தான். இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மூர் மெக்கானிக் ஷெட்டில் இன்றும் உதிரிச் சக்கரத்துக்கு 'ஸ்டெப்னி' என்றுதான் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற சக்கரம் அது. இன்றைய ஆங்கிலேயர் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. 'டிக்கி'யும் அப்படித்தான்.

ஜெர்மனியில் இதற்கு இன்னொரு செல்லப் பெயரும் உண்டு: 'ஷ்னௌஃபர்ல்'. மூச்சிரைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த பவேரியப் பக்கத்துச் சொல். மேடேறும்போது புஸ்புஸ்ஸென்று இரைக்கிற சின்ன வண்டி என்று பொருள் கொள்ளலாம். 1900-ல் தொடங்கிய ஷ்னௌஃபர்ல் கழகம் இன்றும் அதே பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சொல்லழகில் ஓல்டுடைமரை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனாலும் சட்டம் ஓல்டுடைமரைத்தான் எடுத்துக்கொண்டது.

ஜெர்மன் வாகனப் பதிவு விதிகளில் இந்தச் சொல்லுக்கு வரையறை எழுதப்பட்டிருக்கிறது. முப்பது வயது ஆனால் மட்டும் போதாது. வண்டி பெரும்பாலும் அசல் நிலையில் இருக்க வேண்டும், நல்ல பராமரிப்பில் இருக்க வேண்டும், மோட்டார் தொழில்நுட்பப் பண்பாட்டுச் செல்வத்தைக் காப்பதற்கு உதவ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஓல்டுடைமர். இல்லையென்றால் அது வெறும் பழைய வண்டி. சந்தையில் விலை எங்கே பிரிகிறதோ, அந்த இடத்தில்தான் சட்டமும் கோடு போட்டிருக்கிறது.

இந்தத் தகுதி பெற்ற வண்டிக்கு 1997 முதல் தனி நம்பர் பிளேட் தருகிறார்கள். ஊர்க்குறி, எழுத்து, எண் எல்லாம் முடிந்ததும் கடைசியில் எண்ணை ஒட்டி ஓர் 'எச்' இருக்கும். 'ஹிஸ்டோரிஷ்', அதாவது வரலாற்றுக்குரியது என்பதன் முதலெழுத்து. இது கிடைக்க டூஃப், டெக்ரா போன்ற சோதனை அமைப்பின் பொறியாளர் வண்டியைப் பார்த்துச் சான்று தர வேண்டும். பெயிண்ட் மங்கியிருந்தாலோ இருக்கையில் தேய்மானம் தெரிந்தாலோ அவர் கண்டுகொள்ள மாட்டார். புது மாடல் அலாய் சக்கரம், எல்.இ.டி. முகப்பு விளக்கு, அந்தக் காலத்தில் இல்லாத ஸ்டீயரிங், சாசியில், அதாவது அடிச்சட்டத்தில், துரு ஓட்டை ஆகியவைதான் திருப்பி அனுப்ப வைக்கும். மாற்றமே கூடாது என்றில்லை. வண்டி வெளிவந்த முதல் பத்தாண்டுக்குள் செய்திருக்கக்கூடிய மாற்றமாக இருந்தால் அதுவும் காலத்துக்கு ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எச் பிளேட்டால் என்ன லாபம்? எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் காருக்கு ஆண்டு வரி 191.73 யூரோதான். மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசையின் ஆரம்பகால 300 டீசலை எடுத்துக்கொள்வோம். 3,005 சி.சி.; அதாவது தொடங்கிய ஒவ்வொரு 100 சி.சி.க்கும் ஒரு பங்கு என்ற கணக்கில் 31 பங்கு. புகைக் கட்டுப்பாடு இல்லாத டீசலுக்குப் பங்குக்கு 37.58 யூரோ வீதம் 1,164.98 யூரோ கட்ட வேண்டும். எச் வாங்கினால் ஆறில் ஒரு பங்கு. நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வட்டத்துக்குள்ளும் தடையின்றிப் போகலாம். எல்லோருக்கும் இது லாபம் என்று எண்ணிவிட வேண்டாம். யூரோ 2 புகைத் தரம் கொண்ட 1.8 லிட்டர் பெட்ரோல் கார் சாதாரண பிளேட்டிலேயே 18 பங்குக்கு 7.36 வீதம் 132.48 யூரோதான் கட்டுகிறது. அதற்கு எச் வாங்குவது காசு கொடுத்துக் கௌரவம் வாங்குவது.

'யங்டைமர்' என்பது இதன் தம்பி. ஏறக்குறைய 20 வயதுக்கு மேல், முப்பது தொடாத கார். சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. சந்தையில் மட்டும் உண்டு. பிடித்த மாடலை மலிவாக வாங்க நினைப்பவர்கள் கண் வைப்பது இங்கேதான், ஏனென்றால் முப்பதைத் தொடும்போது ஜெர்மனியில் கிராக்கி கூடும். அதற்கும் முன்பே அமெரிக்காவில் ஒரு கதவு திறக்கும்: 25 வயது ஆன கார் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாமல் இறக்குமதியாகலாம். 1994, 95-ல் வந்த ஆடி ஆர்.எஸ். 2 அமெரிக்காவில் விற்கப்படாத கார். அதன் 25-வது பிறந்தநாளுக்கு அங்கே காத்திருந்தவர்கள் உண்டு.

விலை ஏறுவதற்கு வயது மட்டும் காரணமென்றால் எல்லாப் பழைய காரும் ஏறியிருக்க வேண்டும். பீட்டில் மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. கடைசி வண்டி 2003-ல் மெக்சிகோவில் பியூப்லா ஆலையிலிருந்து வெளிவந்தது. சாதாரண பீட்டில் இன்றும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற விலைதான். கதவு மேல்நோக்கித் திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கூப்பே 1954 முதல் 1957 வரை 1,400 மட்டுமே. அதில் 29-க்கு அலுமினிய உடல். பி.எம்.டபிள்யூ. 507 மொத்தமே 252. போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7, பந்தய அனுமதிக்குத் தேவையான 500 என்று திட்டமிட்டு, கேட்டவர் அதிகமானதால் 1,580 வரை போனது. 1972-ல் அதன் விலை 34,000 மார்க். இன்று ஏலத்தில் பல லட்சம் யூரோ. உச்சமென்றால் 2022 மே மாதம், ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில் நடந்த ஏலம். 1955-ல் இரண்டே இரண்டு செய்யப்பட்ட 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹௌட் கூப்பேயில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அதுவரை எந்தக் காரும் அந்த விலையைத் தொட்டதில்லை.

எண்ணிக்கை குறைவு என்பது பாதிக் காரணம்தான். அந்தக் குறைவிலும் கெடாமல் மிஞ்சியது எத்தனை என்பதே மீதி. இங்கே வில்லன் துரு. 911-இன் உடல் முழுவதும் துத்தநாகம் பூசப்பட்டு வந்தது 1976 மாடலிலிருந்துதான். அதற்கு முந்திய 911-ல் பேட்டரிப் பெட்டியின் அடி, பெட்ரோல் டேங்க் உட்காரும் தட்டு, கதவுக்குக் கீழுள்ள நீளப் பட்டை, பின்பக்க டார்ஷன் குழாய் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி செல்லும் குழாய்) இருக்குமிடம் ஆகியவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலே கண்ணாடி மாதிரி பெயிண்ட் மின்னும். கீழே கையை விட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆகவே வாங்கப் போகிறவர் கையில் காந்தமும், பெயிண்ட் கனம் அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். ஆலைப் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300, 400 என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே இருப்பது தகடல்ல, பட்டி. அந்த இடத்தில் காந்தமும் ஒட்டாது.

விலையை இரட்டிப்பாக்குகிற இன்னொரு சொல் 'மேட்ச்சிங் நம்பர்ஸ்'. சாசி எண்ணோடு ஆலை சேர்த்து அனுப்பிய அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் இன்றும் வண்டியில் இருப்பது. எண் பொருத்தம் என்றால் போதும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான், ஆனால் இதில் பரிகாரம் கிடையாது. காற்றால் குளிரும் 911-ல் எஞ்சின் எண், விசிறியைத் தாங்கும் பகுதியின் வலப்பக்கம் குத்தப்பட்டிருக்கும். மெர்சிடிஸுக்கு 'டாட்டன்கார்ட்டே' என்ற விவர அட்டை உண்டு. எஞ்சின் எண், உடல் எண், பெயிண்ட் குறி, அன்று கேட்டு வாங்கிய கூடுதல் வசதிகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆர்.எஸ். 2.7 என்று சொல்லி விற்கப்படுபவற்றில் வேறு 911-ஐ மாற்றிக் கட்டியவையும் உண்டு. அசலின் சாசி எண் 911360 என்று தொடங்கும், எஞ்சின் வகை 911/83. பின்பக்க வாத்துவால் இறக்கையை எவரும் வாங்கிப் பொருத்தலாம், எண்ணைப் பொருத்த முடியாது. எண்ணைத் தேய்த்துப் புதிதாகக் குத்தியிருந்தால் அந்த இடத்தின் உலோகப் பரப்பு சுற்றியுள்ளதோடு ஒத்துப்போகாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

'ட்ஸூஷ்டாண்ட்ஸ்நோட்டே', அதாவது நிலை மதிப்பெண், 1 முதல் 5 வரை. பள்ளி மார்க் மாதிரி அல்ல, ரேங்க் மாதிரி: ஒன்றுதான் உச்சம். 1 குறையே இல்லாதது. 2 நல்ல நிலை, சிறு தடங்கள் இருக்கலாம். 3 ஓடித் தேய்ந்தது தெரியும், ஆனால் துரு ஓட்டை இல்லை, அப்படியே ஓட்டலாம். 4 உடனே வேலை கேட்கும். 5 முழுதாகக் கழற்றிக் கட்ட வேண்டியது. புதிதாக வருபவர்கள் தவறுவது 4-ல்தான். நான்கை வாங்கி இரண்டாக்கிவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். தகர வேலை, குரோம், எஞ்சின், உள்ளலங்காரம் எல்லாம் கூட்டினால் பெரும்பாலும் இரண்டாகவே வாங்கியிருக்கலாம் என்ற தொகை வந்து நிற்கும்.

'ஷாயினன்ஃபுண்ட்' என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை. வைக்கோல் கொட்டகையில் பல்லாண்டு கிடந்து கண்டெடுத்த கார் என்று பொருள். தூசி படிந்த படத்தோடு வரும் விளம்பரத்துக்கு மயங்குபவர் அதிகம். நின்றே கிடந்த கார் ஓடிய காரைவிட மோசம். டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும். பாஷ் நிறுவனத்தின் கே ஜெட்ரானிக் பெட்ரோல் தெளிப்பு முறை உள்ள வண்டியென்றால், பழைய பெட்ரோல் பிசினாகி எரிபொருள் பிரிப்பானின் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடித்துச் சிலிண்டரை உள்ளிருந்தே அரித்திருக்கும். டயரின் ஓரத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் புதிதாக இருந்தாலும் அந்த டயரில் ஓட்டக் கூடாது.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் பொதுவாக 'விண்டேஜ் கார்' என்று எழுதுகிறோம். விண்டேஜ் என்பது திராட்சை அறுவடையைக் குறித்த சொல். இன்ன ஆண்டு அறுத்த திராட்சையின் ஒயின் என்பதிலிருந்து பழம்பொருளுக்கு வந்தது. பன்னாட்டுப் பழங்கார்க் கூட்டமைப்பான ஃபிவா அதை 1919 முதல் 1930 வரை செய்த கார்களுக்கு மட்டுமே தருகிறது. அந்தக் கணக்கில் 1973 போர்ஷே விண்டேஜ் ஆகாது. இந்தியாவிலோ 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் அந்தப் பெயர். மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்று வரும் தனிப் பதிவு, புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். ஆகையால் 1995-ல் புனேயில் கட்டிய மெர்சிடிஸ் டபிள்யூ 124, ஜெர்மன் கணக்கில் ஓல்டுடைமர் வயதைத் தொட்டுவிட்டது; இங்கே இன்னும் வெறும் பழைய கார். 'கிளாசிக்' என்பதைச் செவ்வியல் என்றால் இசைக்கும் இலக்கியத்துக்கும் பொருந்தும், காருக்குப் பட்டுவேட்டி கட்டியது போல் இருக்கும்.

'பழைய கார்' என்றால் சிக்கல் வேறு. பழந்தமிழ் என்னும்போது உயர்வாக ஒலிக்கிற அதே அடை, பொருளுக்கு முன் வந்தால் பழைய துணி, பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பேரீச்சம்பழம் என்று தெருவுக்குக் கூட்டிப்போய்விடும். 'தொன்மை' நூற்றாண்டுகளைத் தாண்டியது. முப்பது வயது காருக்குப் பாரம். நமக்கு வேண்டியது வயதையும் அந்த வயதால் வந்த மதிப்பையும் சேர்த்துச் சொல்கிற அடை. அது 'முது'. மூதூர் என்றால் இடிந்த ஊரல்ல, மூதுரை என்றால் வழக்கொழிந்த பேச்சல்ல. உந்து என்ற பகுதி பேருந்திலும் மகிழுந்திலும் ஏற்கெனவே பழகிவிட்டது. முதுமை + உந்து: 'மை' ஈறு கெட்டு, முதல் எழுத்து நீண்டு, மூதுரை போலவே மூதுந்து ஆகும். காருக்கும் பைக்குக்கும் லாரிக்கும் பொருந்தும், ஜெர்மன் சொல்லும் அப்படித்தான்.

யங்டைமருக்கு 'முதிர்கார்' எனலாம். வினைத்தொகை என்பதால் முதிர்கின்ற கார், முதிரும் கார் என்று இரண்டுக்கும் இடம் தருகிறது. சந்தை அதைப் பார்ப்பதும் அப்படித்தான். எழுதும்போது: "மூன்றாம் நிலை மூதுந்து, எண் பொருத்தம் உண்டு, விவர அட்டையுடன்." எச் பிளேட்டுக்குப் புதுச்சொல் தேவையில்லை, அது ஜெர்மன் அரசு தரும் குறியீடு, அப்படியே இருக்கட்டும். முப்பது தாண்டியும் அலாய் சக்கரமும் பட்டியுமாக நிற்கிற வண்டிக்கு மட்டும் மூதுந்து என்று எழுத வேண்டாம். அதற்குப் பழைய கார் என்ற பெயர் இருக்கவே இருக்கிறது.